கோடையில் சங்க வண்டி: எஞ்சின் கொதிப்பும் மின்சாரக் கோளாறும்

சித்திரை பிறந்துவிட்டால் வண்டியின் தேவை பெருகுகிறது. நூல் மூட்டைகள் சங்கத்திற்கு வந்து சேர வேண்டும். நெய்த சேலைகளும் வேட்டிகளும் விற்பனை நிலையத்தை அடைய வேண்டும். தக்காளியும் கத்திரியும் வாடுமுன் சந்தைக்குப் போக வேண்டும். அதே காலத்தில்தான் கத்திரி வெயிலும் கொளுத்துகிறது. வேலூர், திருச்சி போன்ற இடங்களில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது புதிதன்று. வண்டிகள் வழியில் நின்றுவிடுவதும் இக்காலத்தில்தான் மிகுதி. சங்கத்திற்குச் சொந்தமான வண்டி நின்றால் நஷ்டம் ஒருவருடையதன்று, அங்கத்தினர் எல்லோருடையதுமாகும். ஆகவே இக்கோளாறுகளின் காரணங்களையும், அவற்றை அறியும் வழிகளையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

எரிபொருளால் உண்டாகும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. ஏறத்தாழ மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏற்று, முன்புறமுள்ள ரேடியேட்டரில் காற்றுக்கு ஒப்படைக்கிறது. நீரை ஓட்டுவது வாட்டர் பம்ப். காற்றை இழுப்பது விசிறி. எஞ்சின் சூடேறும்வரை நீரைத் தடுத்து வைத்து, ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரியில் வழிவிடும் கதவு தெர்மோஸ்டாட். இவற்றில் ஒன்று தவறினும், நீர் குறையினும், ரேடியேட்டர் அடைபடினும் வெப்பம் எஞ்சினிலேயே தங்கிவிடுகிறது.

மார்கழியில் ஒழுங்காக ஓடிய வண்டி வைகாசியில் கொதிப்பானேன் என்று கேட்கலாம். மார்கழி விடியலில் காற்று 20 டிகிரி, ரேடியேட்டர் நீர் 90 டிகிரி என்று கொண்டால், இடையிலுள்ள வேற்றுமை 70 டிகிரி. கோடை நண்பகலில் காற்று 40 டிகிரியாயின் வேற்றுமை 50 டிகிரியே. அந்த அளவுக்குக் காற்று வெப்பத்தை வாங்குவதும் குறைகிறது. குளிர்காலத்தில் மறைந்திருந்த சிறு குறை இப்போது வெளிப்பட்டு விடுகிறது.

நம் தொழில்களுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பஞ்சுத் துகளும், வைக்கோல் தூசும், பதரும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே படிந்து காற்றை மறிக்கின்றன. எஞ்சின் ஆறியிருக்கும்போது, பின்புறத்திலிருந்து முன்புறமாக, வேகமில்லாத நீரைப் பாய்ச்சிக் கழுவினால் இவை வெளியேறும். வேகமாகப் பீச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

குறையைக் கண்டுபிடிக்கும் வழி

எப்போது கொதிக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நெரிசலில் மெல்லச் செல்லும்போது முள் ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால் விசிறியை ஐயுற வேண்டும். மின்சார விசிறியாயின் அதன் பியூஸ், ரிலே, இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வேகத்திலும் ஏற்றத்திலும் கொதித்து, நிற்கும்போது தணிந்தால் ரேடியேட்டர் அடைப்பே பெரும்பாலும் காரணம். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே எஞ்சின் கொதித்தும் ரேடியேட்டர் குளிர்ந்திருக்குமாயின், தெர்மோஸ்டாட் திறவாமல் நின்றிருக்கலாம். நீர் அடிக்கடி குறைந்தும் தரையில் கசிவு தெரியாமலிருந்து, வெண்புகையும் வந்து, எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் காணப்பட்டால், ஹெட் கேஸ்கெட் பழுதாகி நீர் உள்ளே புகுகிறது. அவ்வண்டியை மேலும் ஓட்டலாகாது.

ஓர் எச்சரிக்கை. கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழ வேண்டாம். நீர் முழுதும் வெளியேறியபின், நீரின் சூட்டை அளக்கும் கருவி வெறும் ஆவியிடையே நின்று பொய்யான அளவைக் காட்டக்கூடும்.

மூடியைத் திறவாதீர்

ரேடியேட்டர் நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் போன்றது. சாதாரண நீர் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்த மூடி நீரை அடக்கி வைப்பதால், உள்ளே 110 டிகிரிக்கு மேலும் அது கொதியாமல் இருக்க முடிகிறது. சூட்டோடு மூடியைத் திருகினால் அழுத்தம் நீங்கி, நீர் ஒரு நொடியில் ஆவியாகி முகத்திலும் கண்ணிலும் பாயும். அரைமணி நேரமேனும் காத்திருந்து, மேற்குழாய் கையால் தொடத்தக்கதாக ஆறிய பின்னரே, துணியைப் போர்த்தி மெல்லத் திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது. இரும்பும் அலுமினியமும் விரிசல் காணும்.

முள் ஏறக் கண்டவுடன் குளிர்சாதனம் இருப்பின் நிறுத்துக. வெப்பக்காற்றுக் கருவி இருப்பின் முழுதும் திறந்துவிடுக, எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி அவ்வழியே வெளியேறும். அதன் பின்னும் முள் இறங்காவிடில், சாலையோரம் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும்.

உப்புச்சுவை மிகுந்த கிணற்று நீர் குழாய்களில் படிவை உண்டாக்கும். வண்டிக் கையேடு குறிப்பிடும் கூலண்டையே, குறித்த விகிதத்தில் ஊற்றுவது நன்று. பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சாகும். கீழே சிந்தியதைக் கழுவிவிட்டு, மீந்ததைக் குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

பாட்டரியும் மின்கம்பிகளும்

பாட்டரி குளிரில்தான் கெடும் என்று பலர் எண்ணுகின்றனர். அதன் ஆயுளைக் குறைப்பது வெப்பமே. வெப்பம் ஏற ஏற உள்ளிருக்கும் தகடுகள் விரைவில் அரிக்கப்படுகின்றன, நீரும் ஆவியாகிறது. மூடி திறக்கும் வகையாயின் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டும் குறியிட்ட அளவுவரை ஊற்ற வேண்டும். அமிலம் சேர்க்கலாகாது. பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது.

சிறு வோல்ட் மீட்டர் ஒன்று சங்கத்தில் இருப்பது பயன் தரும். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் கழிந்தபின், நல்ல நிலையிலுள்ள பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்தால் பெரும்பகுதி வற்றிவிட்டதெனக் கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13க்குக் கீழாயின் ஆல்டர்னேட்டரோ பெல்ட்டோ சரியில்லை. 15க்கு மேலாயின் மிகையாக ஏறி, பாட்டரி நீர் வற்றும்.

முனைகளில் பூக்கும் வெண்மையும் பச்சையுமான படிவை, ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலைன் தடவ வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதையே கடைசியிலும் கையாள வேண்டும். தளர்ந்த இணைப்பில் தடை மிகும். தடை மிகச் சூடு மிகும். சூட்டால் இணைப்பு மேலும் கெடும். கம்பி உருகித் தீப்பற்றுவது பெரும்பாலும் இவ்வாறே.

பியூஸ் எரிந்தால் அது தன் கடமையைச் செய்தது என்றே பொருள். அதற்குப் பதிலாகச் செப்புக்கம்பியையோ, மிகுந்த ஆம்பியர் உள்ள பியூஸையோ செருகுவது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். களஞ்சியத்தருகே நிற்கும் வண்டியின் கம்பிகளை எலி கடித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரு கோளாறுகளும் ஒன்றாயின்

பல வண்டிகளில் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஓட்டுவது ஒரே பெல்ட்தான். ஆகவே பாட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்து, வெப்ப முள்ளும் ஏறுமாயின், அவை இரு கோளாறுகளல்ல. பெல்ட் அறுந்துவிட்டது என்னும் ஒரே செய்தி. பாட்டரியின் துணையால் எஞ்சின் சிறிது நேரம் ஓடக்கூடும். ஆனால் நீர் ஓடவில்லை. அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று எண்ணாமல் உடனே நிறுத்த வேண்டும்.

நிர்வாகக் குழுவின் கடமை

நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில், இவ்வாறு கெட்ட எஞ்சினின் பழுதுச் செலவை ஓட்டுநரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிப்பதெனத் தீர்மானம் ஆகியிருந்தது. முள் ஏறியும் அவர் ஓட்டினார் என்பது குற்றச்சாட்டு. வண்டிப் பதிவேட்டைப் புரட்டியபோது, பெல்ட்டில் வெடிப்பு கண்டிருக்கிறது, மாற்றித் தர வேண்டும் என்று அவர் இருமுறை எழுதியிருந்தது தெரிந்தது. சில நூறு ரூபாய்ச் செலவுக்கு அனுமதி வழங்கப்படவில்லை. தக்காளி கெடுமுன் சந்தை சேர வேண்டும் என்று வற்புறுத்தியதும் சங்கமே. இவற்றைக் குழுவின் முன் வைத்தோம், தீர்மானம் கைவிடப்பட்டது. பதிவேட்டில் அவ்விரு வரிகள் இல்லாதிருந்தால், ஓர் ஏழைக் குடும்பம் தன்மேல் சாராத கடனைச் சுமந்திருக்கும்.

ஆகவே பங்குனி முடியுமுன் ஒவ்வொரு சங்கமும் பெல்ட், ரப்பர்க் குழாய்கள், கூலண்ட், விசிறி, பாட்டரி ஆகிய ஐந்தையும் சோதித்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்வது நலம். ஓட்டுநர் எழுதும் குறிப்பைச் செயலாளர் அன்றே படித்துக் கையொப்பமிட வேண்டும். சிறு பழுதுக்கெனக் குழுவின் கூட்டத்திற்குக் காத்திராமல் செலவிடத்தக்க ஒரு தொகையையும் முன்னரே அனுமதித்து வைக்கலாம். முள் ஏறினால் நிறுத்துக, தாமதத்திற்குச் சங்கமே பொறுப்பு என்னும் வாசகத்தை ஓட்டுநருக்கு எழுத்துமூலம் கொடுத்துவிட்டால், ஒரு நாளைய சந்தையை இழந்தாலும் வண்டியையும் ஆளையும் இழக்க மாட்டோம்.