கடல் விட்டுச் சென்ற சுவடுகள்

அலையோசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள் வடசென்னைப் பிள்ளைகளாகிய நாங்கள். இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்து உள்ளே வருவதும், அதைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டுவதும் எங்களுக்குப் பழகிய காட்சி. ஆனால் கடல் பின்வாங்கிப் போன ஓர் ஊரைச் சென்ற விடுமுறையில்தான் கண்டோம்.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்திற்குக் குடும்பத்தோடு சென்று திரும்பும் வழியில், அரியலூரை அடுத்த வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்கு அப்பா எங்களை அழைத்துச் சென்றார். டைனோசரைக் காணும் ஆவலில் துள்ளினான் தம்பி. உள்ளே நாங்கள் கண்டவையோ சங்கு, சிப்பி வடிவக் கற்கள்! "இதை எண்ணூரிலேயே பொறுக்கலாமே, அக்கா!" என்று முகம் சுளித்தான்.

அங்கேதான் விந்தை இருக்கிறது. அரியலூரிலிருந்து இன்றைய கடற்கரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு. அங்கே சிப்பி எப்படி வந்தது? சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், அப்பகுதி கடலாக இருந்தது. இறந்த உயிர்கள் சேற்றில் புதைந்தன. சதை அழுகிப் போயிற்று. ஓட்டின்மேல் மண் அடுக்கடுக்காகப் படிந்தது. தாதுப்பொருள்கள் உள்ளே ஊறி, காலப்போக்கில் ஓடு கல்லாயிற்று. இதுவே புதைபடிவம். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட், காசிமேட்டில் நாம் வாங்கும் கணவாய்க்குப் பழைய உறவாம்! அரியலூரைச் சுற்றிச் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடலின் கொடையே.

பின்னர் கடல் விலகியது. நிலத்தில் ஆறுகள் ஓடின. டைனோசர்கள் உலவின. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளைக் கொண்டு, 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர்கள் புருகத்காயசாரஸ் என்ற டைனோசரை உலகுக்கு அறிவித்தனர். பேருடல் கொண்டது என்பது பெயரின் பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம்.

"அந்த எலும்பு எங்கே?" என்று ஆவலோடு கேட்டோம். அவை உரிய இடம் போய்ச் சேருமுன்பே பொடிந்துபோயின என்று அறிந்து மனம் கனத்தது. இன்று எஞ்சியிருப்பவை படங்களும் குறிப்புகளுமே. எலும்பு இல்லாததால் அறிஞர்களின் ஐயங்களும் முழுதும் தீரவில்லை. ஆனால் கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்து, கவி தாகூரின் பெயரைத் தாங்கிய பாராபாசாரஸ் என்னும் டைனோசரின் எலும்புகளோ காப்பாற்றப்பட்டு, கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்று நிலைத்தது, ஒன்று மண்ணாயிற்று.

இதைக் கேட்ட தம்பி தயங்கியபடியே சட்டைப்பையில் கைவிட்டான். வழியில் வண்டி நின்றபோது எடுத்த சிறு சிப்பிக்கல் அவன் கையில் இருந்தது! அதை அங்கிருந்த ஊழியரிடம் கொடுத்தான். "எந்த இடத்தில் எடுத்தாய், தம்பி?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. கிடைத்த இடம் தெரியாத கல் பாதிக் கதையை இழந்துவிடுகிறது என்பதை அன்று கற்றோம்.

அன்புத் தோழியரே! கோடி ஆண்டுகள் மண் காத்த பொருளை ஒரு நொடியில் நாம் இழந்துவிடலாம். கண்டெடுப்பது நற்பேறு, காப்பது கடமை.