கனடாவும் கல்பாக்கமும்

கொடைக்கானலில் மார்கழிக் குளிருக்கு அஞ்சி கீஸரின் விசையைத் தட்டுகிறவர், தம் வீட்டுக்கு வரும் மின்சாரம் மலையருவியில் பிறந்ததா, நெய்வேலி நிலக்கரியில் பிறந்ததா, அணு உலையில் பிறந்ததா என்று விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை; நின்றாலும் விடை கிடைக்காது, ஏனெனில் தென்னாட்டு மின்சாரமெல்லாம் ஒரே தொகுப்பில் கலந்துதான் பழனி மலைச் சரிவுகளில் ஏறும் கம்பிகளுக்கு வந்து சேருகிறது. அந்தத் தொகுப்பில் கனடா தேசத்தின் கை இரண்டு இடங்களில் பட்டிருக்கிறது. ஒன்று, கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்நாட்டின் உதவியோடு நீலகிரியில் எழுந்த குந்தா நீர்மின் திட்டம். அதைப் பற்றி யாருக்கும் எந்த வழக்கும் இல்லை. மற்றொன்று கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் கதை நேரானதன்று.

நட்பாகத்தான் ஆரம்பித்தது. 1956-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கனடா அளித்த ஆராய்ச்சி உலை 1960-இல் பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. அதில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க வேண்டிய கனநீரை அமெரிக்கா கொடுத்தபடியால், மூன்று நாடுகளின் பெயரையும் சேர்த்து ‘சைரஸ்’ என்று அழைத்தார்கள். 1963-இல் ராஜஸ்தானத்து ராவத்பாட்டாவில் மின் உலை அமைக்கவும் உடன்பாடு ஏற்பட்டது. சமாதான காரியங்களுக்கே பயன்படுத்துவோம் என்று நாம் வாக்களித்திருந்தோம். 1974 மே 18 அன்று பொக்ரானில் பூமிக்கடியில் வெடித்த சாதனத்துக்கு வேண்டிய புளூட்டோனியம் சைரஸிலிருந்து வந்தது. அது சமாதான நோக்கமுள்ள வெடிப்பே என்றது புது தில்லி. வெடிப்பில் சமாதான வெடிப்பென்று ஒரு ஜாதி இல்லை என்பது ஒட்டாவாவின் கட்சி. ஒப்பந்தத்தின் எழுத்தை நாம் மீறவில்லை என்று வாதாட இடமிருந்தது உண்மையே. ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன்பே இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்த கனடியப் பிரதம மந்திரி பியர் ட்ரூடோவுக்கு அந்த வாதம் ஆறுதலாக இருந்திருக்க நியாயமில்லை. நான்கே நாட்களில் அணுசக்தி உதவி நிறுத்தப்பட்டது. 1976-இல் அறவே துண்டிக்கப்பட்டது.

ராவத்பாட்டாவின் இரண்டாவது உலை அப்போது அரைகுறையாக நின்றது. கனடிய மாதிரியைப் பின்பற்றிக் கல்பாக்கத்தில் எழுந்துகொண்டிருந்த இரண்டு உலைகளோ அதைவிட ஆரம்ப நிலையில் இருந்தன. இந்த வகை உலையின் இருதயம் எரிபொருள் கட்டுதான். அரை மீட்டர் நீளமுள்ள 19 சிர்க்கோனியக் கலப்புலோகக் குழாய்களைச் சிறு விறகுக் கட்டைப்போல் சேர்த்திருப்பார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் யுரேனிய ஆக்ஸைடு வில்லைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு யந்திரம் ஒரு முனையில் புதுக் கட்டைத் தள்ள, எதிர்முனையில் மற்றொரு யந்திரம் பழைய கட்டை வாங்கிக்கொள்ளும். செறிவூட்டாத இயற்கை யுரேனியமே போதும் என்பது பெரிய சௌகரியம். அதற்கு ஈடாகக் கனநீர் ஏராளமாக வேண்டும் என்பது பெரிய சங்கடம். தூத்துக்குடியில் கனநீர் ஆலை 1978-இல் தொடங்கிற்று. கட்டுகளை ஹைதராபாதில் செய்தார்கள். கனடாவிலிருந்து வந்திருக்க வேண்டிய சாதனங்களை நம் தொழிற்சாலைகளே பழகிப் பழகிச் செய்யவேண்டியிருந்தது. 1983 ஜூலையில் கல்பாக்கத்தின் முதல் உலை உயிர்பெற்றது, இரண்டாவது 1985-இல். கட்டத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள்! தற்சார்பைப் புகழ்கிறவர்கள் இந்தக் காலதாமதத்தின் விலையைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

யந்திரங்களைச் செய்துகொள்ளலாம், நம் மண்ணில் போதிய அளவு இல்லாத யுரேனியத்தை எந்தச் சாமர்த்தியத்தாலும் செய்துகொள்ள முடியாது. நம் சுரங்கங்களின் விளைச்சல் போதாமல், 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலைகள் பாதித் திறனில் ஓடும் நிலை வந்தது. அதற்குள் 2005-இல் பிரதமர் மன்மோகன் சிங்கும் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷும் தொடங்கிவைத்த அணுசக்திப் பேரம், பொக்ரானின் விளைவாகவே தோன்றிய அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழுவை 2008 செப்டம்பரில் வியன்னாவில் இந்தியாவுக்கு விலக்களிக்க வைத்தது. அந்தக் கதவு திறந்த பிறகே கனடாவும் வந்தது: 2010 ஜூன் 27 அன்று டொரான்டோவில் மன்மோகன் சிங்கும் கனடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரும் முன்னிற்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கனடியப் பொருள் எங்கே போகிறது என்று கணக்குக் காட்டும் முறையைப் பற்றி மேலும் மூன்று ஆண்டுகள் வாதாடி, 2013 செப்டம்பரில்தான் அது அமலுக்கு வந்தது. சச்சரவின் மூலகாரணமான சைரஸ் உலை 2010 டிசம்பர் கடைசி நாளில் நிரந்தரமாக மூடப்பட்டது. அது அமெரிக்க உடன்பாட்டையொட்டி நாம் ஏற்றுக்கொண்டிருந்த கடமை.

2015 ஏப்ரலில் நரேந்திர மோடி ஒட்டாவா சென்றபோது, சஸ்காட்செவன் மாகாணத்துச் சுரங்கங்களை நடத்தும் கமெக்கோ நிறுவனம் ஐந்தாண்டுகளில் சுமார் 3,000 டன் யுரேனியம் தர இசைந்தது. அதில் ஒரு பிடிகூடக் கல்பாக்கத்தின் அந்த இரு உலைகளுக்குப் போக இயலாது. சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு உட்பட்ட உலைகளில் மட்டுமே வெளிநாட்டு யுரேனியத்தை இடலாம்; கல்பாக்கத்தை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திக்கொண்டது இந்திய அரசு. ஆகவே அதற்குக் கிடைத்த லாபம் சுற்றுவழியில் வந்தது: மற்ற உலைகள் அயல்நாட்டு யுரேனியத்துக்கு மாறியதால், உள்நாட்டுச் சரக்குக்குப் போட்டி குறைந்தது. ஒருகாலத்தில் ஆசானாக வந்த கனடா, திரும்பி வந்தபோது வியாபாரியாக வந்தது. மாணவனாக இருந்தவன் இதற்குள் 700 மெகாவாட் உலைகளைத் தானே வரைந்து கட்டிக்கொண்டிருந்தான்.

2023-இல் வேறொரு விவகாரத்தால் இரு நாடுகளுக்கும் மறுபடி மனஸ்தாபம் முற்றி, தூதர்கள் வெளியேற்றப்படும் அளவுக்குப் போயிற்று. ஆனால் இம்முறை அணுசக்தி ஒப்பந்தத்தில் எவரும் கைவைக்கவில்லை. 2025 நவம்பரில் ஜோஹானஸ்பர்கில் மோடியும் கனடியப் பிரதமர் மார்க் கார்னியும் சந்தித்தபோது, நீண்டகால யுரேனிய விநியோகத்தைப் பற்றிய பேச்சும் அவர்கள் முன் இருந்தது.