படிச்சிட்டுப் போடு மச்சி!

டி.வி.யில மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரம் பார்த்திருப்பீங்க. கடைசியில ஒருத்தர் மூச்சு விடாம, எக்ஸ்பிரஸ் ரயில் வேகத்துல ஒரு வரி சொல்லிட்டு ஓடிடுவார். சந்தை அபாயம் இருக்கு, ஆவணங்களைக் கவனமா படிங்கனு சொல்ற வரி. மொத்த விளம்பரத்துலேயே உருப்படியான விஷயம் அதுதான். நாமதான் அதை மிமிக்ரி பண்றதோட விட்டுடறோம்!

என் ஹாஸ்டல் ரூம்மேட்டும் அப்படித்தான் விட்டான். அவங்க அம்மா வளையலை அடகு வெச்சு அனுப்பின செமஸ்டர் ஃபீஸ், 42,000 ரூபாய். கட்ட இன்னும் மூணு வாரம் டைம் இருந்தது. ‘சும்மா இருக்கிற பணம்தானே, கொஞ்சம் வளர்த்துக் கட்டுவோம்’னு, ‘ஷ்யூர் ஷாட் டிப்ஸ்’ தர்ற ஒரு டெலிகிராம் குரூப்பை நம்பி ஆப்ஷன்ல இறங்கினான். முதல் நாள் 3,000 லாபம். ரூம் முழுக்க பரோட்டா பார்ட்டி! ஒன்பதாவது நாள் கணக்குல மிஞ்சினது 1,100 ரூபாய்.

‘‘ஏன்டா, ஆப்ஷன்னா என்னன்னு படிச்சியா?’’ன்னு கேட்டேன்.

‘‘படிக்கிறதுக்கெல்லாம் எங்கடா நேரம்?’’னு சொன்னவன், போர்வையை இழுத்து மூடிக்கிட்டான்.

பரீட்சைக்கு முந்தின ராத்திரியாவது படிக்கிற நாம, பணம் விஷயத்துல மட்டும் படிக்காமலேயே ஹாலுக்குள்ள போயிடறோம். அங்கே அரியர் எழுத முடியாது பாஸ்! அதனால, முதல் 500 ரூபாயைப் போடறதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய ஐந்து, இதோ...

1. ஒரு ஆய்வு

2024 செப்டம்பர்ல பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுகள்ல எஃப் அண்டு ஓ வர்த்தகம் செஞ்ச தனிநபர்கள்ல 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம். எல்லாருமா விட்டது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. 2023-24ல இறங்கினவங்கள்ல 43 சதவிகிதம் பேர் 30 வயசுக்குக் கீழே. அதாவது, நம்ம செட்! என் ரூம்மேட் இந்த ஒரே ஒரு ஆய்வைப் படிச்சிருந்தா போதும்.

2. ஒரு கதைப் புத்தகம்

ஜார்ஜ் கிளேசன் எழுதிய ‘தி ரிச்சஸ்ட் மேன் இன் பாபிலோன்’. 1926ல வந்தது. கைக்கு வர்றதுல பத்துல ஒரு பங்கை முதல்ல உனக்குனு எடுத்து வை, அப்புறம் செலவு பண்ணுங்கறதுதான் சாரம். நாம செலவு பண்ணிட்டு மிச்சத்தைச் சேமிக்கப் பார்க்கறோம். மிச்சம்தான் இருக்கறதில்லையே! ஒரு சின்னத் தகவல்... இந்தக் கதைகளை ஆரம்பத்துல சின்னச் சின்ன வெளியீடுகளா மக்களுக்குக் கொடுத்ததே வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும்தான். நல்ல புத்தகமா இருந்தாலும், ‘இதை எனக்கு யார் தர்றாங்க, ஏன் தர்றாங்க?’னு கேட்டுப் பழகுங்க.

3. ஒரு தடிமனான புத்தகம்

பெஞ்சமின் கிரஹாமின் ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’, 1949. வாரன் பஃபெட் இதை முதன்முதலா படிச்சப்ப அவருக்கு வயசு 19. பயப்படாதீங்க, முழுசா முடிக்கணும்னு இல்லை. பஃபெட்டே முக்கியம்னு சொல்ற 8, 20 ரெண்டு அத்தியாயங்கள்ல ஆரம்பிங்க. எட்டாவதுல ‘மிஸ்டர் மார்க்கெட்’னு ஒரு ஆசாமி வருவார். தினமும் கதவைத் தட்டி ஒரு விலை சொல்வார். ஒருநாள் குஷி, ஒருநாள் அழுகை. அவர் கூப்பிடறார்ங்கறதுக்காக நாம பின்னாடியே ஓடணும்னு அவசியமில்லை.

4. ஒரு படக்கதை

‘ராஜு அண்டு தி ஃபார்ட்டி தீவ்ஸ்’. 2022ல ரிசர்வ் வங்கி தரப்புல இருந்து வந்தது. பணத்தை ஏமாத்திப் பிடுங்கற 40 வழிகளைக் குட்டிக் குட்டிக் கதையா படத்தோட சொல்லும். இலவசம். ஊர்ல இருக்கிற அப்பா, அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

5. விளம்பரத்துல ஓடுற அந்த ஆவணம்!

ஒரு ஃபண்டுல போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ரிஸ்க் எவ்வளவுனு காட்டுற ‘ரிஸ்க்கோமீட்டர்’ எங்கே நிக்குது? வருஷத்துக்கு எத்தனை சதவிகிதம் செலவுனு பிடிக்கறாங்க? ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானா, கமிஷன் உள்ள ரெகுலர் பிளானா? டைரக்ட் பிளான் 2013 ஜனவரியில இருந்தே இருக்கு.

கூடவே ஒண்ணு. ‘இதை வாங்கு’னு டிப்ஸ் தர்றவர் செபியில பதிவு செஞ்சவரானு கேளுங்க. முதலீட்டு ஆலோசகர்னா பதிவு எண் ஐ.என்.ஏ.னு ஆரம்பிக்கும். ரிசர்ச் அனலிஸ்ட்னா ஐ.என்.ஹெச். அந்த எண் நிஜமானு செபி இணையதளத்துல நீங்களே பார்க்கலாம்.

‘இவ்வளவு படிச்சிட்டுப் போட்டா லேட் ஆகிடாதா?’ன்னு கேக்கறீங்களா? ஒரு கணக்கு. 20 வயசுல இருந்து 30 வரை மாசம் 1,000 போட்டுட்டு ஒருத்தர் நிறுத்திடறார். போட்டது 1.2 லட்சம். இன்னொருத்தர் 30ல ஆரம்பிச்சு 60 வரை அதே 1,000 போடறார். போட்டது 3.6 லட்சம். வருஷம் 10 சதவிகிதம்னு ஒரு பேச்சுக்கு வெச்சா, 60 வயசுல முதல் ஆளுக்குச் சுமார் 40 லட்சம், ரெண்டாவது ஆளுக்குச் சுமார் இருபத்திரெண்டரை லட்சம். அந்த 10 சதவிகிதத்துக்கு யாரும் கியாரன்டி தர முடியாது. விலைவாசியும் ஏறிக்கிட்டேதான் இருக்கும். ஆனா, நம்மகிட்ட பணத்தைவிட அதிகமா இருக்கிறது வருஷங்கள்தான்னு புரியுதில்ல? படிக்கிற ஒரு மாசத்தால அது குறைஞ்சிடாது. படிக்காம போட்ட ஒன்பது நாள்ல வளையல் போயிடுச்சே!

ரூம்மேட் என்ன ஆனான்? நாங்க ஆறு பேர் சேர்ந்து ஃபீஸ் கட்டினோம். அம்மாகிட்ட அவன் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் உண்மையைச் சொன்னான். ‘‘பணம் போனா போகுது, நீ சாப்பிட்டியா?’’ன்னாங்களாம். அன்னிக்குத்தான் பய முதல்முறையா அழுதான். இப்ப சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போறான். வர்றதுல பத்துல ஒண்ணு தனியா போகுது. மிச்சம், வளையலை மீட்க.

தலைமாட்டுல ஒரு தடிமனான புத்தகம் இருக்கு. எட்டாவது அத்தியாயத்துல பென்சில் சொருகியிருக்கு!