விரல் நுனியில் ஒரு யானை! புது லேப்டாப் கீபோர்டு பற்றி இதெல்லாம் தெரியுமா?

புது லேப்டாப் வாங்கிய முதல் நாள் ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? திரை பளபளக்கிறது. வேகம் பறக்கிறது. ஆனால் தட்ட உட்கார்ந்ததும் விரல்கள் மட்டும் வேற்றூரில் இறங்கிய மாதிரி தடுமாறுகின்றன! பழையதில் மெத்தென்று இறங்கிய கீ, இதில் 'டிக்'கென்று பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஸ்பேஸ் பாருக்கு மட்டும் தனியாக ஒரு 'டொக்'! போன மாதம் எனக்கும் இதே கதைதான். வீடே தூங்குகிறது, நான் கட்டைவிரலைப் பூவைத் தொடுவது போல வைத்துப் பார்க்கிறேன், அப்போதும் 'டொக்'! ஏன் இப்படி என்று தேடப்போனால், அடேங்கப்பா! இந்தத் தட்டைப் பலகைக்குள் இத்தனை அதிசயமா?

ஒரு கீ எவ்வளவு ஆழம் இறங்கும் தெரியுமா? மேஜைக் கணினிக்கு வாங்கும் மெக்கானிக்கல் கீபோர்டில் பொதுவாக 4 மில்லிமீட்டர். லேப்டாப்பில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர். உங்கள் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். 2015-ல் ஆப்பிள் கொண்டுவந்த 12 அங்குல மேக்புக்கில் கீ இறங்கிய ஆழம் எவ்வளவு? சுமார் அரை மில்லிமீட்டர்! ஏடிஎம் கார்டை விடக் குறைவு! அதற்குள் நம் விரல் 'ஆச்சு, தட்டியாச்சு' என்று புரிந்துகொள்ள வேண்டும்!

புரிந்துகொள்ளுமா? தாராளமாக! ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருக்கின்றன. 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்தபோது, வெறும் 13 நானோமீட்டர் உயரச் சுருக்கத்தைக்கூட விரல் தடவிக் கண்டுபிடித்துவிட்டது! தலைமுடியின் பருமனைப் பல ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! இவ்வளவு கூர்மையான விரலிடம் கீயை மாற்றிவிட்டுச் சும்மா இரு என்றால் இருக்குமா?

கீக்கு அடியில் என்ன இருக்கிறது? ஸ்பிரிங் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலான லேப்டாப்பில் ஸ்பிரிங்கே கிடையாது! மூடிக்குக் கீழே கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே பின்னிய இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள், நடுவில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு குட்டி ரப்பர் குமிழ். அமுக்கினால் குமிழ் சட்டென மடங்கும், விட்டால் துள்ளி எழும். நீங்கள் 'நல்ல கீபோர்டு', 'சொத்தைக் கீபோர்டு' என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த ரப்பர் மடங்கும் விதத்தைப் பற்றித்தான்!

ஒரு தட்டலுக்கு எத்தனை சத்தம்? ஒன்று என்கிறீர்களா? இரண்டு! கீ இறங்கி அடியில் மோதும்போது ஒன்று, விரலை எடுத்ததும் மேலே வந்து நிற்கும்போது இன்னொன்று. இடைவெளி ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிதான்!

இப்போது யானைக்கு வருவோம். ஒரு கீயை அமுக்கச் சுமார் 60 கிராம் எடையின் அழுத்தம் போதும், அதாவது ஒரு கோழிமுட்டை! நிமிடத்துக்கு 40 வார்த்தை அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். தட்டச்சுக் கணக்கில் ஒரு வார்த்தைக்கு 5 தட்டல், ஆக நிமிடத்துக்கு 200, மணிக்கு 12,000. ஒரு நாளில் 4 மணி நேரம் அடித்தால் 48,000 தட்டல். 60 கிராமால் பெருக்கிப் பாருங்கள்: 2,880 கிலோ! வளர்ந்த பெண் ஆசிய யானை ஒன்றின் எடைக்குச் சமம்! புது கீபோர்டின் ரப்பர் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் சாயங்காலம் விரல் ஏன் வலிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

வேகமாக டைப் அடிப்பவர்களுக்கு எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியும்தானே? தெரியாது! அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2013-ல் 100 பேரைச் சோதித்தது. நிமிடத்துக்கு 72 வார்த்தை, 94 சதவீதம் பிழையின்றி அடிப்பவர்கள். அவர்கள் கையில் எழுத்தே இல்லாத கீபோர்டு படத்தைக் கொடுத்து, 80 விநாடியில் எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். சராசரியாக எத்தனை சரி? 26-ல் வெறும் 15! மூளைக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருக்கிறது! வாயால் சொல்ல முடியாத பாடத்தை விரல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. அந்தப் பாடத்தைத்தான் புது கீபோர்டு கலைத்துப் போடுகிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் கலைப்பதில்லை. ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடு வரை சுமார் 19 மில்லிமீட்டர் என்பது முழு அளவுக் கீபோர்டுகள் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்டப் பொது! கம்பெனி மாறினாலும் இது மாறாது. அதனால் நடுவில் இருக்கும் எழுத்துகள் ஓரிரு நாளில் வசப்பட்டுவிடும். படுத்துவதெல்லாம் ஓரத்துக் கீகள்! டெலிட், என்டர், அம்புக்குறிகள். என்னைக் கேட்டால், புது லேப்டாப்பில் நாம் திட்டுவதில் பாதி இந்த ஓரத்துக் கீகளைத்தான். பல திங்க்பேடு லேப்டாப்களில் இடது கீழ்மூலையில் கன்ட்ரோல் இருக்காது, எஃப்என் இருக்கும்! காப்பி செய்யப் போன விரல் ஏமாந்து நிற்கும். ஆனால் பயாஸ் அமைப்புக்குள் போனால் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். இது தெரியாமலே வருடக்கணக்கில் கஷ்டப்படுபவர்கள் எத்தனை பேர்!

வீட்டில் வேறு யாராவது தட்டினால் எரிச்சலாக இருக்கிறது, நாமே தட்டினால் கேட்பதே இல்லையே, ஏன்? இதற்கு எலிகள் பதில் சொல்கின்றன! எலிகளை ஓடவிட்டு, அவை அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் செயற்கையாக ஒரு ஒலி கேட்கும்படி செய்தார்கள் அமெரிக்க விஞ்ஞானிகள். சில நாளில் எலி மூளையின் கேட்கும் பகுதி அந்த ஒலியை மட்டும் அமுக்கிவிடக் கற்றுக்கொண்டது! 'இது என் காலடிச் சத்தம்தான், விடு' என்கிறது மூளை! 2018-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. என் ஸ்பேஸ் பாரின் 'டொக்' இரண்டாவது வாரத்தில் எனக்குக் காணாமல் போனது. லேப்டாப் மாறவே இல்லை!

சத்தத்தைக் காசு கொடுத்துச் சேர்த்த காலமும் உண்டு என்றால் நம்புவீர்களா? 1970-களில் ஐபிஎம் டெர்மினல்களின் கீபோர்டுக்குள் மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சுத்தியல் இருந்தது! கீ பதிவானதும் அது 'டக்'கென்று அடிக்கும். அதன் வேலை எழுத்தை அச்சிடுவது அல்ல, சத்தம் போடுவது மட்டும்தான்! தட்டியது பதிவாகிவிட்டது என்று காதுக்குச் சொல்ல வேண்டுமாம். 2014-ல் ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸ் பெயரில் ஒரு ஐபேட் ஆப் வந்தது. கண்ணாடியைத் தொட்டால் பழைய டைப்ரைட்டர் சத்தம் கேட்கும்! வெளியானதும் ஆப் ஸ்டோரில் முதலிடம்!

இதைவிட ஒன்று. 2015-க்குப் பின் வந்த பல மேக்புக்குகளின் டச்பேடை அமுக்கினால் 'க்ளிக்' என்று இறங்குகிறதல்லவா? அது இறங்கவே இல்லை! உள்ளே ஒரு மின்காந்தம் பக்கவாட்டில் துடித்து, இறங்கியதாக விரலை நம்பவைக்கிறது! சந்தேகமா? லேப்டாப்பை அணைத்துவிட்டு அமுக்குங்கள். கல் மாதிரி நிற்கும்!

கீபோர்டு பிடிக்கவில்லை என்று ஊரே கத்தியதில் ஒரு பெரிய கம்பெனி பணிந்த கதை தெரியுமா? 1984-ல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் பிசி ஜூனியர்! சூயிங்கம் துண்டு மாதிரி சின்னச் சின்னக் கீகள். வாங்கியவர்கள் வெறுத்தே போனார்கள். சில மாதத்திலேயே ஐபிஎம் புது கீபோர்டை இலவசமாகக் கொடுத்தது!

ஆப்பிளின் அரை மில்லிமீட்டர் கீபோர்டு கதை இன்னும் பெரிது. பட்டாம்பூச்சி என்று பெயர் வைத்தார்கள். ஒரு தூசி உள்ளே போனால் போதும், கீ ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழும்! 2018-ல் இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தார்கள். 2019-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே ஈ, ஆர் எழுத்துகள் காணோம்! விழாத எழுத்துகளை விழாத மாதிரியே அச்சிட்டுவிட்டார்கள்! அந்த வருட நவம்பரில் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய கத்தரிக்கோல் முறையே திரும்பி வந்தது, ஆழம் 1 மில்லிமீட்டர். அமெரிக்க வழக்கை முடிக்க 2022-ல் ஆப்பிள் ஒப்புக்கொண்ட தொகை 5 கோடி டாலர்! எல்லாம் ஒரு அரை மில்லிமீட்டருக்காக!

அதே துறையில் ஒரு அழகும் உண்டு. 1995-ல் வந்த திங்க்பேடு 701-ன் மூடியைத் திறந்தால், இரண்டு துண்டாக உள்ளே மடங்கியிருந்த கீபோர்டு தானாக நகர்ந்து ஒன்றாகப் பொருந்தி, லேப்டாப்பை விட அகலமாக விரியும்! உடல் 9.7 அங்குலம், கீபோர்டு 11.5 அங்குலம்! வடிவமைத்த ஜான் கரிடிஸுக்கு யோசனை கொடுத்தது எது தெரியுமா? அவருடைய மகள் விளையாடிய மரக்கட்டைகள்! இன்று அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இனி கொஞ்சம் பயப்படவும் வேண்டும். உங்கள் தட்டல் சத்தத்தைக் கேட்டே என்ன எழுதினீர்கள் என்று சொல்ல முடியுமா? முடியும்! ஒவ்வொரு கீயும் பலகையின் வெவ்வேறு இடத்தில் மோதுவதால் ஒலியில் மயிரிழை வித்தியாசம் இருக்கிறது. நம் காதுக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும்! 2023-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு மேக்புக்கின் 36 கீகளைத் தலா 25 முறை தட்டி, 17 சென்டிமீட்டர் தள்ளி வைத்த செல்போனில் பதிவு செய்தார்கள். கண்டுபிடிப்பு 95 சதவீதம் சரி! ஜூம் அழைப்பு வழியாகக் கேட்டும் 93 சதவீதம்! இனி ஜூம் மீட்டிங்கில் பாஸ்வேர்டு அடிக்கும் முன் மைக்கை அணைப்பீர்கள்தானே?

ஒட்டுக்கேட்பது புதிதும் அல்ல! 1984-ல் சோவியத் நாட்டிலிருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகங்களில் 16 எலெக்ட்ரிக் டைப்ரைட்டர்களுக்குள் உளவுக்கருவி சிக்கியது. தட்டத் தட்ட ஒவ்வொரு எழுத்தும் வெளியே போய்க்கொண்டிருந்தது!

டைப்ரைட்டர் என்றதும் நம் ஊர் டைப்பிங் இன்ஸ்டிடியூட் காதில் ஒலிக்கவில்லையா? மாடிப்படி ஏறும்போதே தடதடவென்று ஒரு மழை! உள்ளே வரிசையாக மெஷின்கள். முதல் நாள் பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான்: ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப்! சுண்டுவிரலுக்கு மட்டும் வலு பத்தாமல் 'ஏ' எப்போதும் மங்கலாகத்தான் விழும். அங்கே பழகிய கை லேப்டாப்பைத் தொட்டால் என்ன ஆகும்? இடி இடிக்கும்! இன்றும் ஆபீஸில் யாராவது லேப்டாப்பைக் கடப்பாரையால் இடிப்பது போலத் தட்டினால், முக்கால்வாசி அவர் டைப்பிங்கில் 'ஹையர்' தேர்வு முடித்தவராகத்தான் இருப்பார்! கோத்ரெஜ் நிறுவனம் 1955-ல் தொடங்கிய டைப்ரைட்டர் தயாரிப்பை நிறுத்தியது 2009-ல்தான் என்பது தெரியுமா?

எஃப், ஜே கீகளில் தடவிப் பாருங்கள். சின்ன மேடு தட்டுப்படுகிறதா? கண்ணை மூடிக்கொண்டும் ஆள்காட்டி விரல்கள் தம் வீட்டைக் கண்டுபிடிக்கத்தான் அது! தமிழ்99 முறையில் தட்டுபவர்களுக்கு அந்த இரண்டு மேட்டிலும் என்ன எழுத்து தெரியுமா? இடது மேட்டில் புள்ளி, வலது மேட்டில் 'ப'! உயிரெழுத்துகள் அத்தனையும் இடது கைக்கு, மெய் வரிசை வலது கைக்கு (வ, ங இரண்டு மட்டும் இடது பக்கம்). 'அம்மா' என்று எழுத எத்தனை தட்டல்? அ, ம, ம, ஆ, நான்கே நான்கு! நடுவில் புள்ளி தானாகவே விழுந்துவிடும்! இடது, வலது, வலது, இடது. அதே லேப்டாப்பில் ஆங்கிலம் அடிக்கும் தாளம் வேறு, தமிழ் அடிக்கும் தாளம் வேறு! புது கீபோர்டில் என் விரல்கள் முதலில் தேறியது தமிழில்தான் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

வேகக்காரர்களின் ரகசியம் என்ன? 1,68,000 பேரின் 13 கோடியே 60 லட்சம் தட்டல்களை 2018-ல் அலசினார்கள் ஃபின்லாந்தின் ஆல்டோ, பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 வார்த்தை, சூரர்களுக்கு 120! அவர்கள் ஒரு கீயை விடும் முன்பே அடுத்த கீயை அமுக்கிவிடுகிறார்கள்! அவர்களின் தட்டல்களில் 40 முதல் 70 சதவீதம் இப்படித்தான்! ஆழம் குறைந்த கீயில் விரல் உடனே தரைதட்டிவிடுவதால், இந்தத் தாளம்தான் முதல் சில நாள் குழம்புகிறது.

சத்தத்தைக் குறைக்க வழி இருக்கிறதா? இருக்கிறது! சத்தத்தில் ஒரு பங்கு லேப்டாப்புடையதே அல்ல, மேஜையுடையது! உள்ளே காலியான மரப்பெட்டி மேஜை மத்தளம் மாதிரி அதிரும். லேப்டாப்பின் நான்கு மூலைக்கும் அடியில் தடிமனான ரப்பர் துண்டு வையுங்கள், வித்தியாசம் உடனே கேட்கும். மொத்தமாகத் துண்டு விரித்து அதன் மேல் மட்டும் வைக்க வேண்டாம்! அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டால் மெஷின் சூடாகி, விசிறி இரைய ஆரம்பிக்கும். 'டொக்' போய் 'உஸ்' வந்துவிடும்!

அடுத்த முறை லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனால் விலைச்சீட்டைப் பார்க்கும் முன், "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி நோட்பேடைத் திறந்து உங்கள் பெயரையும் ஊரையும் பத்துத் தடவை தட்டிப் பாருங்கள். தமிழில் எழுதுபவர் என்றால் தமிழிலேயே தட்டுங்கள். ஸ்பேஸ் பாரை இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்திலும் அமுக்கி, மூன்றும் ஒரே மாதிரி சத்தம் தருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்!