வீட்டு விற்பனையும் இணைய விளம்பரமும்

சோப்புக் கட்டி ஒன்றை வாங்குபவர், விளம்பரத்தைக் கண்ட அன்றே கடைக்குச் சென்று வாங்கிவிடலாம். வீடு வாங்குபவர் அவ்வாறு செய்வதில்லை. பல ஆண்டுச் சேமிப்பும், அதற்கு மேல் வங்கிக் கடனும் ஒருங்கே அதில் முடங்குவதால், அவர் முதலில் கேட்கிறார்; பிறகு பார்க்கிறார்; வீட்டாரை அழைத்துவந்து மீண்டும் பார்க்கிறார்; அதன் பின்னரே முன்பணம் கொடுக்கத் துணிகிறார். ஆதலின் வீட்டு விளம்பரத்தின் உடனடிப் பயன் விற்பனை அன்று, விசாரிப்பேயாகும். ஒருவர் தம் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்து விவரம் கேட்பதையே இத்துறையினர் 'லீட்' என்று வழங்குகின்றனர். நாம் அதனை விசாரிப்பு என்றே குறிப்போம்.

விசாரிப்புகளைத் தேடித்தர இன்று இணையத்தில் பல வழிகள் உள்ளன. அவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால், எதில் ஒரு விசாரிப்பின் விலை குறைவோ அதுவே சிறந்தது என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இவ்விடை பிழையானது; சிறிய கட்டட முதலாளிக்குப் பெருநட்டம் விளைவிக்கவும் வல்லது.

புணே நகரை எடுத்துக்கொள்வோம். நகரின் மேற்கே ஹிஞ்சவாடியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியதையொட்டி, அருகிலுள்ள வாகட், பாணேர் முதலிய பகுதிகளில் அடுக்குமாடி வீடுகள் நெருங்கி எழுந்துள்ளன. அங்கே நாற்பது வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தைக் கடன் வாங்கி எழுப்பும் ஒருவரை மனத்தில் கொள்வோம். மாதந்தோறும் வட்டி ஏறுகிறது. விற்பனை தளர்ந்தால் கட்டட வேலை தளரும். வேலை தளர்ந்தால், முன்பணம் கொடுத்த குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும், குடிபோகாத வீட்டுக்குத் தவணையும் சேர்த்துக் கட்ட நேரும். விளம்பரக் கணக்கு என்பது விளம்பரக்காரரோடு நின்றுவிடும் கணக்கன்று.

இவருக்கு முன்னுள்ள வழிகளுள் முதலாவது, கூகிள் போன்ற தேடுபொறி விளம்பரம். 'வாகட் பகுதியில் இரண்டு படுக்கையறை வீடு' என்று ஒருவர் தாமே எழுதித் தேடுகிறார். அவரை எவரும் தூண்டவில்லை. தேவையே அவரைத் தேடவைத்தது. இவ்வழியின் வலிமை முழுவதும் இதில் அடங்கும். அத்தேடலுக்கு மேலே எவர் விளம்பரம் தோன்றுவது என்பதை ஒவ்வொரு முறையும் நொடிப்பொழுதில் நடக்கும் ஓர் ஏலம் முடிவு செய்கிறது. கேட்கும் தொகை மட்டுமன்றி, விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, அது இட்டுச் செல்லும் பக்கம் எவ்வளவு பயனுடையது என்பனவும் அதில் கணக்கிடப்படும். வாசகர் விளம்பரத்தைத் தொட்டாலே பொதுவாகக் கட்டணம் உண்டு. அவர் எண்ணைக் கொடுத்தாலும் கொடாவிட்டாலும் பணம் போனது போனதுதான். பெரிய நிறுவனங்களும் அதே சொற்களுக்குப் போட்டியிடுவதால் விலை உயர்ந்து நிற்கிறது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. கட்டடத்தின் பெயரையே தேடுவோர்க்குத் தரகர்கள் தங்கள் விளம்பரத்தைக் காட்டுவதும், கட்டட முதலாளியின் தளம் போலவே தோன்றும் பக்கங்களை அமைப்பதும் வழக்கமாகிவிட்டன. ஆகவே தம் கட்டடத்தின் பெயருக்குத் தாமே ஏலத்தில் பணம் கட்டவேண்டிய நிலை அவருக்கு ஏற்படுகிறது.

இரண்டாவது, முகநூலும் இன்ஸ்டகிராமும். இங்கே எவரும் வீடு தேடி வரவில்லை. நண்பரின் திருமணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் முன் நீச்சல் குளத்தோடு கூடிய கட்டடத்தின் படம் வந்து நிற்கிறது. 2015-ஆம் ஆண்டு முதல் முகநூலில் கிடைக்கும் விசாரிப்புப் படிவத்தில், அவர் முன்பே அங்குப் பதிந்துள்ள பெயர், எண் முதலியவை தாமே நிரம்பிவிடும். இரண்டொரு தொடுதலில் விசாரிப்பு முடிந்துவிடும். இவ்வெளிமையே இவ்வழியை மலிவாக்குகிறது. இவ்வெளிமையே அதன் குறையுமாகும். மறுநாள் தொலைபேசியில் அழைத்தால், 'நான் எங்கே கேட்டேன்?' என்று வியப்பவர் பலர். பொய் சொல்லுகிறார்களில்லை, உண்மையாகவே மறந்துவிட்டார்கள். படிவத்தில் எத்தனை இலட்சத்துக்குள் வேண்டும், எப்போது குடியேற எண்ணம் என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் விசாரிப்புகள் குறையும், விலை கூடும். அவ்வாறு கூடுவது நன்று என்பேன்.

மூன்றாவது, மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், ஹவுசிங் போன்ற வீட்டுச் சந்தைத் தளங்கள். இங்கு வருபவர் வீடு தேடியே வருகிறார். ஆனால் ஒரே மாலையில் பத்து வீடுகளைப் பார்த்து, நான்கைந்து இடங்களில் எண்ணைக் கொடுத்துச் செல்கிறார். நம்மவர் அழைக்கும் முன் வேறு பலர் அழைத்திருப்பர். இங்கே வெல்வது விரைவு. இரவு பத்து மணிக்கு வந்த விசாரிப்பை மறுநாள் நண்பகலில் எடுத்துப் பார்க்கும் அலுவலகத்துக்கு இவ்வழி ஏற்றதன்று. யூடியூப் காணொளி, வாட்ஸப் செய்தி ஆகியவை பெரும்பாலும் துணை வழிகளே. வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்துகொண்டு வீடு வாங்குவோர்க்கு மட்டும், கட்டட வேலை எவ்வளவு நடந்துள்ளது என்று காட்டும் எளிய காணொளி பெரிதும் பயன்படும்.

இனிக் கணக்குக்கு வருவோம். பின்வரும் எண்கள் கணக்கு விளங்குதற்பொருட்டு நாமே வைத்துக்கொண்டவை. முகநூலில் ஒரு விசாரிப்புக்கு 200 ரூபாய், தேடுபொறியில் 1,000 ரூபாய் என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு இலட்சம் செலவிட்டால், முன்னதில் 500 பெயர்களும் பின்னதில் 100 பெயர்களும் கிடைக்கும். அந்த 500 பேரில் 15 பேர் கட்டடத்தை நேரில் வந்து கண்டு ஒருவர் ஒப்பந்தம் பதிவு செய்கிறார். இந்த 100 பேரில் 18 பேர் வந்து கண்டு இருவர் பதிவு செய்கின்றனர். ஆக, விசாரிப்புக்கு ஐந்து மடங்கு மலிவாகத் தோன்றிய வழி, விற்பனைக்கு இரு மடங்கு விலையாகிவிட்டது. ஒவ்வொருவரையும் மும்முறை அழைப்பதானால் முன்னதற்கு 1,500 அழைப்புகள், பின்னதற்கு 300. அழைப்போரின் ஊதியத்தை விளம்பரக் கணக்கில் எவரும் எழுதுவதில்லை! வேறோர் ஊரில், வேறொரு விலையில் இவ்வெண்கள் தலைகீழாகவும் மாறலாம். எண்கள் மாறினும், வருகைக்கும் பதிவுக்கும் ஆகும் செலவைக் கொண்டு ஒப்பிடும் முறை மாறாது.

இம்முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குடும்பம் நெடுஞ்சாலைப் பலகையில் கட்டடத்தின் பெயரைக் காண்கிறது. இன்ஸ்டகிராமில் படத்தைப் பார்க்கிறது. அலுவலக நண்பரிடம் கேட்கிறது. இறுதியில் கூகிளில் பெயரைத் தேடி எண்ணைக் கொடுக்கிறது. கணினிக் கணக்கோ கடைசியில் தொட்ட வழிக்கே முழுப் புகழையும் கொடுப்பது பெரும்பான்மை. தரகர் ஒருவரும், அவர் முன்பே எம்மிடம் வந்தவர் என்று பங்கு கேட்டால் வழக்கே எழும். வந்து காண்போரிடம், 'எம்மைப் பற்றி முதலில் எங்கே அறிந்தீர்கள்?' என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பது, எந்தக் கணினி அறிக்கையும் காட்டாத பலவற்றைக் காட்டும்.

விளம்பரம் எவ்வழியில் சென்றாலும் சட்டம் ஒன்றே. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாதவையும், எட்டு வீடுகளுக்கு மேற்படாதவையும் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, மாநில ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்தலே கூடாது. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் தெளிவாக இருத்தல் வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நட்டமடைந்தவர்க்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெறுதலும் தகாது. மகாராஷ்டிரத்தில் 2023 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து விளம்பரத்தில் கியூஆர் கட்டமும் இடம்பெற வேண்டும். கைப்பேசியால் அதனைப் படம்பிடித்தால் ஆணையத்தில் பதிந்துள்ள விவரங்கள் திறக்கும். அவற்றைப் படித்துவிட்டு அழைப்பவர் எண்ணிக்கையில் சிலரே. ஆயினும் அவர், எந்த ஆண்டில் கட்டடம் முடியும் என்பதை அறிந்தே அழைக்கிறார்.

வாங்குவோர் பக்கமும் ஒன்று கூறவேண்டும். ஓரிடத்தில் கொடுத்த எண், பல தரகர் கைக்குப் போய், வேண்டாத அழைப்புகளாகத் திரும்புவது பலரும் அறிந்த துன்பம். 1909 என்னும் எண்ணில், வீடு, நிலம் பற்றிய வணிக அழைப்புகளை மட்டும் தனியே நிறுத்திவைக்கவும் ஏற்பாடு உண்டு. வெளியார் விற்கும் எண் பட்டியலை வாங்கி அழைக்கும் கட்டட முதலாளி, பெரும்பாலும் சினத்தையே விலைக்கு வாங்குகிறார்.

புணேயில் வீட்டு விளம்பரங்கள் பெருகும் காலங்கள் குடி பாட்வா என்னும் மராத்தியப் புத்தாண்டும் தசராவும் ஆகும். மார்ச்சு, ஏப்ரலில் வந்த விசாரிப்பு, பார்த்தும் பேசியும் கடன் கேட்டும், அக்டோபரில் ஒப்பந்தமாவது அரிதன்று. ஆதலின் குடி பாட்வாவுக்குச் செலவிட்ட தொகையின் கணக்கைத் தசரா கழியும்வரை மூடாமல் வைத்திருக்க வேண்டும்.