இறவாரம் இல்லாத வீட்டில் அட்டிக் காற்றோட்டம்

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்து கடலோரத்தில் உருவான கேப் காட் பாணி வீடுகளில் கூரை சுவரோடு சுவராக நின்றுவிடும். அட்லாண்டிக் கடற்காற்று பிடித்துத் தூக்குவதற்கு இறவாரம் என்று ஒன்று அநேகமாக இருக்காது. புயலுக்கு ஏற்ற இந்த அமைப்பு, சீலிங்குக்கும் கூரைக்கும் இடைப்பட்ட அட்டிக் பகுதிக்குப் பெரிய இடைஞ்சலாகிறது.

அட்டிக்கில் காற்று நகர வேண்டுமானால் கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய் தேவை. சூடான காற்று முகட்டின் வழியே வெளியேறும். இறவாரத்தின் அடிப்பலகையில் உள்ள துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். இறவாரம் இல்லாத வீட்டில் அந்தக் கீழ்வாய்க்கு இடமே இல்லை.

கடுங்குளிர்க் காலக் காலையில் இத்தகைய அட்டிக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் விவரம் புரியும். கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனை ஒவ்வொன்றிலும் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும். சமையல், குளியல், மூச்சு என வீட்டுக்குள் உண்டாகும் ஈரம் மேலே கசிந்து, குளிர்ந்த இரும்பில் படிந்து உறைந்தது அது. வெயில் ஏறியதும் உருகிச் சொட்டும். பலகையில் பூஞ்சை பிடிக்கும். வெளியிலோ, கசிந்த வெப்பத்தால் கூரையின் மேல்பகுதிப் பனி உருகி, குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து வரப்பு கட்டும். அதன் பின்னால் தேங்கும் நீர் கூரைமேல் வேய்ந்த ஷிங்கிள் ஓடுகளுக்கு அடியில் புகுந்து சுவருக்குள் இறங்கும்.

இதற்குப் பலரும் முதலில் நாடுவது, கூரையில் மின்விசிறி பொருத்தி காற்றை வெளியே இழுப்பது. கீழ்வாய் இல்லாத வீட்டில் இது தவறான வைத்தியம். விசிறிக்குக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். விளக்குத் துளைகள், அட்டிக் கதவின் இடுக்கு, குழாய்கள் ஏறும் சந்துகள் வழியாக வீட்டுக்குள் இருக்கும் காற்றையே அது உறிஞ்சும். காசு கொடுத்துச் சூடேற்றிய காற்று ஈரத்தோடு மேலே போகும். எரிவாயு உலையோ வெந்நீர்க் கலனோ உள்ள வீட்டில், புகைபோக்கியில் ஏற வேண்டிய கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும் ஆபத்தும் உண்டு.

ஆகவே முதல் வேலை அடைப்பதுதான். வெப்பக்காப்புக்காகப் பரப்பிய கண்ணாடி இழைப் போர்வை எங்கெல்லாம் கறுத்திருக்கிறதோ அங்கெல்லாம் அடியில் காற்று கசிகிறது. போர்வை வடிகட்டிய தூசுதான் அந்தக் கறுப்பு. அந்தச் சந்துகளை ஃபோம் கொண்டு மூட வேண்டும். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் தகரமும் தீத்தாங்கும் பூச்சும் வேண்டும். குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்கிலேயே முடிந்திருந்தால் அதைக் கூரைக்கோ சுவருக்கோ வெளியே நீட்ட வேண்டும். பல வீடுகளில் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது கீழ்வாய். கூரையின் கீழ்விளிம்பை ஒட்டிப் பலகையில் நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி, அதன் மேல் துளைகள் கொண்ட தட்டையான பிளாஸ்டிக் பட்டையை வைத்து, ஷிங்கிளால் மூடிவிடுகிறார்கள். ஷிங்கிள் மாற்றும் சமயத்தில் செய்தால் செலவு குறைவு. பிளவு, வெப்பக்காப்புப் போர்வைக்கு மேலே திறக்க வேண்டும். கைமரங்களுக்கு இடையே, போர்வைக்கும் கூரைப் பலகைக்கும் நடுவில் குறைந்தது 1 அங்குல வழி விட்டுத் தடுப்புத் தகடு வைக்காவிட்டால் போர்வையே வாயை அடைத்துவிடும்.

அளவுக்கு அமெரிக்கக் கட்டட விதி வழிகாட்டுகிறது. பொதுவாக அட்டிக் தரைப் பரப்பில் 150-ல் ஒரு பங்கு திறப்பு வேண்டும். மேலும் கீழும் சரியாகப் பிரிந்திருப்பது போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால் 300-ல் ஒரு பங்கு போதும். 24 அடிக்கு 40 அடி வீட்டின் பரப்பு 960 சதுர அடி. அதில் 300-ல் ஒரு பங்கு 3.2 சதுர அடி, அதாவது சுமார் 460 சதுர அங்குலம். பாதி கீழே என்றால் 230. இருபுறமும் சேர்த்து 80 அடி விளிம்பு இருப்பதால், ஓர் அடிக்கு 3 சதுர அங்குலம்கூடத் தேவைப்படாது. மீதிப் பாதி முகட்டில். மேலே குறைந்தாலும் கீழே குறையக் கூடாது. முகட்டு வாய் வைத்த பிறகு, பக்கவாட்டு முக்கோணச் சுவர்களில் இருக்கும் பழைய காற்றுத் துளைகளை மூடிவிடுவது வழக்கம். இல்லையேல் காற்று அங்கிருந்து முகட்டுக்குக் குறுக்கு வழியில் போய்விடும்.

அட்டிக்கையே படுக்கையறையாக்கிய வீடுகளில் வேலை சிக்கலானது. சாய்வான சீலிங்குக்குப் பின்னால், ஒவ்வொரு கைமர இடைவெளியிலும் விளிம்பிலிருந்து முகடு வரை தடையில்லாத வழி வேண்டும். அதற்கு ஆழம் போதாத இடங்களில் காற்றோட்டத்தையே கைவிட்டு, கூரைப் பலகையின் அடிப்பக்கத்தில் ஸ்ப்ரே ஃபோம் அடித்து அட்டிக்கை வீட்டின் பகுதியாக்கிவிடலாம். அப்படிச் செய்தால் எல்லாத் திறப்புகளையும் மூட வேண்டும். பாதி ஃபோம், பாதி காற்றோட்டம் என்று ஒரே கூரையில் கலப்பது ஈரத்தை நடுவில் சிக்கவைக்கும். ஃபோமின் தடிமன் அந்த ஊரின் குளிருக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும்.