குகையின் பெயரில் ஒளிந்திருக்கும் எழுத்து

புத்தகக் காட்சி ஞாயிறோடு முடிகிறது. அதற்குள் பதில் வேண்டும் என்று வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீன நாவலை ஆங்கிலத்தில் படிக்க எதை வாங்குவது? ஆர்தர் வேலியின் ஒற்றைப் புத்தகமா, அந்தோணி சி. யூவின் நான்கு தொகுதிகளா? குரங்கு ராஜாவின் கதை உங்களுக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1942இல் வெளியான வேலியின் நூல் 100 அத்தியாயங்களில் 30ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. பாடல்களில் பெரும்பாலானவை விடுபட்டன. அதன் அமெரிக்கப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய ஹூ ஷி, மதவாதிகள் ஏற்றிய உட்பொருளையெல்லாம் நீக்கிவிட்டால் இது நல்ல நகைச்சுவைக் கதை என்றார். பெரிய அறிஞர் சொன்னதால் அந்த வார்த்தை நெடுநாள் நின்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

யூவுக்கும் இல்லை. போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் ஓடிய குழந்தைப் பருவத்தில், தாத்தா சொல்லிக் கேட்ட கதை அவருக்கு இது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமயமும் இலக்கியமும் கற்பித்தபடியே, 1977 முதல் 1983 வரை நான்கு தொகுதிகளாக, 700க்கும் மேற்பட்ட பாடல்களோடு முழுவதையும் கொண்டுவந்தார்.

உட்பொருள் கதைக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: குரங்கு தன் முதல் குருவைக் கண்டடையும் குகைக்கு 'சாய்ந்த நிலவும் மூன்று விண்மீன்களும்' என்று பெயர். மனத்தைக் குறிக்கும் சீன எழுத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள்: வளைந்த ஒரு கோடு, அதையொட்டி மூன்று புள்ளிகள். குரங்கு நுழைவது தன் மனத்துக்குள்! அத்தியாயத் தலைப்புகளும் அவனை 'மனக்குரங்கு' என்றே அழைக்கின்றன. மனத்தைக் குரங்கென்று சொல்லிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

அவனுக்கு இன்னொரு பெயர் 'உலோகப் பெரியவர்'. அந்த இரண்டு எழுத்துகளையும் ஒட்டினால் ஈயத்தைக் குறிக்கும் எழுத்தின் பழைய வடிவம் கிடைக்கும். ஈயமும் பாதரசமும் தாவோ யோகிகள் உடம்புக்குள் செய்யும் ரசவாதத்தின் குறிச்சொற்கள். சித்தர்களின் பரிபாஷை தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பாடல்களை வெட்டினால் இந்தக் குறிச்சொற்களில் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவதைப் பார்த்து, இது வேடிக்கைக் கதைதான் என்று சொல்வது நியாயமில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எழுத்தின் உருவத்தை எந்த மொழிபெயர்ப்பாலும் தர முடியாது. யூ குகைப் பெயரை மொழிபெயர்த்துவிட்டு, சாவியைக் குறிப்பில் வைக்கிறார். குறிப்பைப் புரட்டாதவருக்குக் குகை வெறும் குகைதான். எனவே நான்கு தொகுதிகளையே வாங்குங்கள். குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

மற்ற கேள்விகள்:

எந்தப் பதிப்பு? 2012இல் வந்த திருத்திய பதிப்பு.

நான்கு தொகுதி கட்டுப்படியாகாதே? யூவே சுருக்கிய ஒற்றைத் தொகுதி 2006இல் வந்திருக்கிறது.

எழுதியவர் வூ செங்கன்தானா? பலர் அப்படிச் சொல்கிறார்கள். 1592ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆசிரியர் பெயரே இல்லை.

குரங்கு நம் அனுமனா? ஹூ ஷி ஆம் என்றார், எழுத்தாளர் லூ சுன் மறுத்தார், வழக்கு தீரவில்லை.

காஞ்சிபுரம் வருகிறதா? அது சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் பயணக் குறிப்பில். இது வேறு நூல்.